கங்காரு வாலும் மடுமுழுங்கியும்

நீடாமங்கலத்தை அறிந்தவர்கள் அவ்வூர் ரயில்வே கேட்டையும் அறிந்திருப்பார்கள். தஞ்சையிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையில், மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு அது. அறுவடைக் காலங்களில் சுற்றுவட்டாரக் கொள்முதல் நிலையங்களின் நெல் மூட்டைகள் லாரி லாரியாக வந்து, சரக்கு வண்டியில் ஏறி, அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் புறப்படும். வண்டி முன்னும் பின்னும் நகர நகர கேட் மூடப்படும். இருபுறமும் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். மூடைகளின் எண்ணிக்கையும் வேகன்களின் எண்ணிக்கையும் மறுநாள் நாளிதழில் வரும்.

அம்மூட்டைகளுள் இருக்கும் ஒவ்வொரு மணிக்குள்ளும் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஏறத்தாழ 38 கோடியே 90 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு நூல், பன்னிரண்டு காண்டங்களாகப் பகுக்கப்பட்டு, நெல்லின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு படிகளாக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட அந்நூலைப் படிப்பதும், படிகளை ஒப்பிடுவதும், பிழை நீக்குவதும், பொருள் காண்பதும் இன்று ஒரு தொழில். உயிரித் தகவலியல் என்பது அதன் பெயர். அத்தொழில் எப்படி வந்தது, அதில் தமிழ்நாட்டின் பங்கு யாது, அதை நம்பிப் படித்தவர்களுக்கு அது என்ன தந்தது என்பனவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய இதழ் படிக்கும் அன்பர்களுக்கு இதில் என்ன வேலை என்ற ஐயம் எழலாம். பாடபேதம் என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இத்துறை அவ்வளவு அந்நியமன்று என்பதை முன்னதாகவே சொல்லி வைக்கிறோம்.

இத்துறையின் தொடக்கத்தைப் பலரும் கணினியிலிருந்து சொல்வார்கள். நாம் ஒரு கங்காருவின் வாலிலிருந்து தொடங்கலாம்.

1952-இல் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி.வி.ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியவர். துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் இளைஞரை நம்பித் துறையை ஒப்படைத்தார். படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்வது ராமச்சந்திரனின் பயிற்சி. எதை ஆராய்வது என்பதில் தெளிவில்லாதிருந்த வேளையில், சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே.டி.பெர்னால், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிராகவே இருக்கிறதென்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள புரதம் அது. தோல் பதனிடும் தொழிலுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் அடையாற்றிலேயே இருந்தது. ஆகவே கொல்லாஜனைப் பற்றிப் பேச அண்டை வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலை. நல்ல ஒழுங்குள்ள நார் வேண்டியிருந்தது; கங்காரு வாலின் தசைநார் அதற்கு வாய்த்தது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்ற முடிவை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டு அதைத் திருத்தி, முறுக்கின்மேல் முறுக்கேறிய வடிவமாகச் சொன்னார்கள். கயிறு திரிக்கும் நாட்டில் இது தோன்றியதில் வியப்பில்லை என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இது ஆராய்ச்சி உண்மையன்று, நம் ஆசை.

அதே 1955-இல் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இவ்வமைப்பின்மேல் ஒரு குறை சொன்னார்கள். சில அணுக்கள் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாக நிற்கின்றன என்பது அவர்களுடைய தடை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? கேட்பதற்கு எளிய கேள்வி. இதற்குத் திட்டவட்டமான விடை எவரிடமும் இல்லை என்பதை ராமச்சந்திரன் கண்டார். மறுப்புரை எழுதிச் சண்டையிடுவதற்குப் பதிலாக, அதுவரை உலகெங்கும் வெளியாகியிருந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளையெல்லாம் திரட்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே குறைந்த தொலைவு எவ்வளவு காணப்படுகிறது என்று அட்டவணை போட்டார். உடனிருந்தவர்கள் வி.சசிசேகரனும் சி.ராமகிருஷ்ணனும். (சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வேறு, இக்கணக்கு வெளியானபோது அவர் பள்ளிச் சிறுவர். இருவரையும் ஒருவராக்கி எழுதும் வழக்கம் மேடைகளில் இன்றும் இருக்கிறது.)

இந்த அட்டவணையே நம் கதையின் மையம். புதிய சோதனை எதையும் செய்யாமல், பிறர் செய்து வெளியிட்ட முடிவுகளைத் தொகுத்து, அத்தொகுப்பிலிருந்து ஒரு விதியை எடுப்பது. இன்று தரவு சார்ந்த உயிரறிவியல் என்று பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான். புரத இழையில் ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் அடுத்ததோடு இணைக்கும் பகுதி தட்டையானது; அதன் இருபுறமும் இரண்டு திருகு கோணங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் படிப்படியாகச் சுழற்றி, எந்தக் கோணத்தில் எந்த அணு எதனோடு மோதுகிறது என்று பார்க்க வேண்டும். கிண்டி வளாகத்தில் அவர்கள் கையிலிருந்தவை மேசைமேல் வைத்து இயக்கும் கணக்குப் பொறிகளும் தாளும் பென்சிலும்தாம். கணக்கு முடிந்தபோது, இயலக்கூடிய கோணச் சேர்க்கைகளுள் முக்கால் பங்குக்கு மேல் நடவாதவை என்று தெரிந்தது. எஞ்சிய சில தீவுகளில்தான் இயற்கையின் புரதங்கள் அனைத்தும் வாழ வேண்டும். 1963-இல் வெளியான அப்படத்தை உலகம் ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. அந்நாளில் முழு வடிவம் தெரிந்திருந்த புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் புரதத் தரவு வங்கியில் உள்ளன. ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது இவ்வரைபடத்தின்மேல் வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. அந்த வங்கி 1971-இல் தொடங்கியபோது அதிலிருந்தவை ஏழே வடிவங்கள்.

லட்சுமணசாமி முதலியார் இருபத்தேழு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்து 1969-இல் விலகினார். 1970-இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டார். அடுத்த ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். வரலாறு எழுதுவோர் இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்தே படிக்கிறார்கள். சென்னைத் துறை அதன் பிறகும் நற்பணி செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பல்கலைக்கழகத்தின் உயர்வு ஒரு துணைவேந்தரின் பதவிக் காலத்தோடு கட்டப்பட்டிருந்தது என்பது நம் மாநிலத்தின் கல்வி வரலாற்றில் வருந்தத்தக்க பக்கம். பட்டம் பெற்று ஆய்வைத் தொழிலாகக் கொள்ள நினைத்தவருக்கு அதன் பின் பெங்களூருக்குப் போவதோ கடல் கடப்பதோ இயல்பான வழியாயிற்று.

நிற்க. கடலுக்கு அப்பால் அதே காலத்தில் நடந்ததையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்னும் அம்மையார் 1965-இல், அதுவரை வரிசை தெரிந்த 65 புரதங்களை ஒரு நூலாகத் தொகுத்தார். அமினோ அமிலங்களுக்கு ஓரெழுத்துக் குறியீட்டை வகுத்தவரும் அவரே. 1970-இல் நீடில்மன், உன்ஷ் என்ற இருவர் இரண்டு வரிசைகளை எழுத்துக்கு எழுத்து நிரைப்படுத்தி ஒப்பிடும் முறையைக் கணிதமாக்கினார்கள். அது வெளியானதும் ராமச்சந்திரன் வரைபடம் வெளியான அதே மூலக்கூறு உயிரியல் இதழில்தான்.

எழுத்துக்கு எழுத்து நிரைப்படுத்தி ஒப்பிடுவது! இதைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தது கும்பகோணம். நீடாமங்கலத்திலிருந்து வடக்கே போனால் கும்பகோணம். 1880 முதல் 1903 வரை அங்குள்ள அரசினர் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையர், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி, அடிக்கு அடி வைத்து, இங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அங்கே ஓர் அடி விடுபட்டிருக்கிறது, இங்கே எழுதினவன் கண் இரண்டாம் முறை வந்த சொல்லுக்குத் தாவிவிட்டது என்று கண்டு பாடம் தீர்மானித்தார். மரபணு வரிசையில் நிகழும் மாற்றங்களும் இவையே: எழுத்து மாறுதல், விடுபடுதல், இரட்டித்தல். ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்ளும் இரு சுவடிகள் ஒரு தாய்ச் சுவடியிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் கொள்வது போலவே, ஒரே மாற்றத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரு உயிரினங்கள் ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை என்று உயிரியலார் கொள்கிறார்கள்.

இஃது உவமை அழகுக்காகச் சொன்னதன்று. 1998-இல் இங்கிலாந்தில் உயிரியலாரும் இலக்கிய அறிஞரும் சேர்ந்து, சாசரின் கேன்டர்பரிக் கதைகளுள் ஒரு முன்னுரைப் பகுதியின் 58 கையெழுத்துப் படிகளை எடுத்து, மரபுக் கிளைகளைக் கணிக்கும் உயிரியல் மென்பொருளில் இட்டு, எப்படி எதிலிருந்து எழுதப்பட்டது என்ற மரத்தை வரைந்து 'நேச்சர்' இதழிலேயே வெளியிட்டார்கள். நம்மிடம் சுவடிகளுக்குப் பஞ்சமில்லை; கணினி தெரிந்த இளைஞருக்கும் பஞ்சமில்லை. தமிழ்த் துறைக்கும் உயிரித் தகவலியல் துறைக்கும் இடையே ஒரு நடைவழி மட்டுமே உள்ள கல்லூரிகள்கூட நம்மிடையே இருந்திருக்கின்றன. அந்நடைவழியைக் கடந்து எவரும் தேநீருக்குக்கூடப் போனதில்லை.

இந்தியாவில் அரசு இத்துறையைக் கையில் எடுத்தது 1986–87-இல். உயிரித் தொழில்நுட்பத் துறை நாடெங்கும் தகவல் மையங்களை நிறுவியது; மரபணுப் பொறியியலுக்கான மையம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. இணையம் என்ற சொல்லே மக்கள் வாயில் புழங்காத காலம் அது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பி.கே.பொன்னுசாமி புரதங்கள் நீரை வெறுக்கும் இயல்பைக் கணக்கிட்டுவந்தார். அங்கே ஆய்வு செய்த மைக்கேல் குரோமிகா பின்னர் ஜப்பான் சென்று, புரதங்கள் எவ்வளவு வெப்பத்துக்குத் தாங்கும் என்ற சோதனை முடிவுகளைத் தொகுத்த 'புரோதெர்ம்' தரவுத்தளத்தை 1999-இல் உடனிருந்தவர்களோடு வெளியிட்டார். இடையில் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிருந்த அது, அவர் பணியாற்றும் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து 2021-இல் புதிய வடிவில் வந்தது. தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தார் 2018-இல் 1,742 இந்திய மூலிகைகளின் 9,596 வேதிப்பொருள்களைத் தொகுத்து வெளியிட்டதையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். பழைய நூல்களையும் கட்டுரைகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டி எடுத்த தொகுப்பு அது. அதைச் செய்தவர்களின் உழைப்பு அகராதி தொகுப்போரின் உழைப்பு. அகராதி தொகுப்போர்க்குக் கிடைக்கும் புகழே அவர்களுக்கும் கிடைக்கும்.

2000 சூன் மாதம் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு அறிவிக்கப்பட்டதும் நம் ஊர்களில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் தனியார் கலை அறிவியல் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகளில் உயிரித் தகவலியல் இடம்பிடித்தது. அடுத்த தகவல் தொழில்நுட்பம் இதுதான் என்றார்கள். டெல்டாவில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் ஒரு போகத்தின் பணத்தைக் கட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தன. இளநிலையிலேயே இப்பாடத்தைத் தொடங்கியதில்தான் கோளாறு என்பது நம் கருத்து. உயிரியலும் கணிதமும் நிரலெழுத்தும் மூன்றும் வேண்டும் துறையில், மூன்றிலும் கால்வாசி கற்றவர்களை நாம் வெளியே அனுப்பினோம். மென்பொருள் நிறுவனம் கணினிப் பட்டதாரியைக் கேட்டது. ஆய்வுக்கூடம் உயிர்வேதியியல் பட்டதாரியைக் கேட்டது. இடையில் நின்றவர்களுள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். மருத்துவமனைக் கட்டணக் குறியீடு எழுதும் நிறுவனங்கள் கணிசமானோரை எடுத்துக்கொண்டன. சேர்க்கை குறைந்து பல கல்லூரிகளில் அப்பாடம் மூடப்பட்டது. கசப்பான வேடிக்கை என்னவெனில், துறை உண்மையில் ஆட்களைத் தேடத் தொடங்கியது அதன் பிறகே. மரபணு வரிசை படிக்கும் செலவு 2007-க்குப் பின் மளமளவென்று சரிந்தது, தரவு வெள்ளமாக வந்தது, படிப்பதற்கு ஆளில்லை.

நெல்லுக்கு வருவோம். பத்து நாடுகள் சேர்ந்து 1998-இல் தொடங்கிய முயற்சி, நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தின் முழு வரிசையை 2005-இல் வெளியிட்டது. பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதியைத் தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென்வளாகத்தாரும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் படித்தார்கள். இடையே 2002-இல் சின்ஜெண்டா நிறுவனம் தன் வரைவு வரிசையை அறிவியல் இதழொன்றில் வெளியிட்டபோது, அதைப் பொதுத் தரவு வங்கியில் வைக்க மறுத்து, தன் நிபந்தனைகளோடு மட்டுமே காட்டியது. ஆய்வாளர்களிடையே பெரும் எதிர்ப்பெழுந்தது. நெல்லின் எழுத்து யாருடையது என்ற வினா அப்போதே கேட்கப்பட்டுவிட்டது. 2014-இல் 89 நாடுகளைச் சேர்ந்த 3,000 நெல் வகைகளின் வரிசை எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. அவற்றுள் 2,466 பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் தந்தவை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை வகித்த நிறுவனம் அது.

இவ்வெழுத்துகளால் வயலுக்கு என்ன பயன் என்று கேட்பவர்க்கு ஒரு சான்று. ஒரிசாவில் எஃப்.ஆர். 13ஏ என்றொரு பழைய நெல் தேர்வு உண்டு. முழுதும் நீரில் மூழ்கினாலும் இரண்டு வாரம் தாங்கும். மூழ்கிய பயிர் பொதுவாக மூச்சுக்குத் தவித்து உயர்ந்து வளரப் பார்த்து, இருப்புச் சத்தைச் செலவழித்து மடியும். இந்நெல்லோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, நீர் வடியும்வரை காத்திருக்கும். அக்குணம் ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறதென்று 1990-களின் நடுவில் கண்டார்கள். 'சப் 1ஏ' என்ற மரபணுவே அதன் காரணம் என்று 2006-இல் உறுதிசெய்தார்கள். பிறகு நடந்தது பழைய ஒட்டுச்சேர்க்கைதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றை மூழ்கடித்துப் பார்க்காமல் எழுத்தைப் படித்தே வேண்டிய செடியைப் பொறுக்கினார்கள். சுவர்ணா-சப் 1 2009-இல் வந்தது. நம் பக்கத்தில் சம்பாவுக்கு நடும் குண்டு ரகமான சி.ஆர். 1009-க்கும் அக்குணம் பின்னர் ஏற்றப்பட்டது. வெண்ணாறு கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரியும் மூணாறு தலைப்பில் நின்று ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, இரண்டு வாரத் தாக்குப்பிடிப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நடவு செய்த இளம்பயிர் மூழ்கினால் போவது ஓராண்டு.

வெள்ளம் தாங்கும் நெல் ஒரிசாவில் மட்டுமா இருந்தது? மடுமுழுங்கி என்ற பெயரைக் கேட்டாலே பொருள் விளங்கும். யானை மறையும் உயரம் என்று சொல்லப்படும் காட்டுயானம், உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களர்பாலை. பெயரிலேயே பண்பை எழுதி வைத்திருக்கிறார்கள். முக்கூடற்பள்ளு முதலான பள்ளு நூல்கள் நெல்லின் பெயர்களை வரிசையாக அடுக்குவதை வெறும் மரபு என்று வகுப்பில் கடந்துவிடுகிறோம். அவற்றைத் தரவு என்று படிக்க இடமுண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2018-இல் மறையும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட மரபு ரகங்களை ஊரூராகத் தேடி, விதைத் திருவிழாவில் விவசாயிகளுக்குக் கொடுத்து, பெருக்கித் திரும்பப் பெற்றார். பதிப்பாசிரியருக்குரிய வேலையே அதுவும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் நெல்லோடு இருக்கிறது. நீடாமங்கலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பயிர் எந்தத் தேதியில் பூத்தது, எத்தனை நாள் நீரில் நின்றது, எந்நோய் கண்டது என்று வயலில் எழுதும் குறிப்பு இல்லாவிடின் கோடிக்கணக்கான எழுத்துகளும் ஊமை.

இத்துறையை இன்று ஒரு மாணவர் தேர்ந்தால் வழி எப்படி என்று கேட்கிறார்கள். இளநிலையில் தாவரவியலோ உயிர்வேதியியலோ கணிதமோ ஏதேனும் ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு, புள்ளியியலையும் நிரலெழுத்தையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்வதே நாம் கண்டவரை நிலைத்த வழி. தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு நல்கை பெறுவோருக்கு 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் தரப்படுகிறது. பணம் நேரத்துக்கு வருவதில்லை என்ற முறையீடு பழையது. அரியானாவின் பரீதாபாதில் 2022-இல் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. அதுவரை பொதுப் பணத்தில் நாம் படித்த வரிசைகளை வைக்க நமக்கென்று ஒரு களஞ்சியம் இருந்ததில்லை. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ அனுப்பிக்கொண்டிருந்தோம்.

தரவைத் தொகுப்பவரின் வேலைக்கு முனைவர் பட்டக் குழுக்கள் இன்னும் மதிப்பளிப்பதில்லை. புதிய கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்கிறார்கள். 1963-இல் இக்கேள்வியை ராமச்சந்திரனின் அட்டவணையை நோக்கிக் கேட்டிருக்கலாம்.

கடைசியாக, நம் துறைக்கே உரிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கலாம். பொதுத் தரவுத்தளங்களிலும் கட்டுரைகளிலும் தமிழ் நெல்லின் பெயர்கள் உரோமன் எழுத்தில் இருக்கின்றன. குழியடிச்சானின் ழகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் லகரமாகவும் எழுதிவிட, கணினிக்கு அது இரண்டு நெல். ஊருக்கு ஊர் ஒரே நெல்லுக்கு வேறு பெயர், வேறு நெல்லுக்கு ஒரே பெயர் என்பது அதற்கு மேற்பட்ட சிக்கல். வரிசைகளை ஒப்பிட்டால் எவை ஒன்று, எவை வேறு என்று தெரிந்துவிடும். எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் எந்தச் சொல்லிலிருந்து திரிந்தது என்பதைச் சொல்லத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். குழியடிச்சான், பூங்கார், மடுமுழுங்கி என்று மூன்று பெயர்களிலிருந்து தொடங்கினாலே ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு வேண்டிய பொருள் இருக்கிறது.